கேட்காமல் போர்த்துகிறவர்

நல்ல மனிதர் என்று ஊரே சொல்கிறது. ஆக்லாந்தில் தமிழர் கூடுகிற எந்த இடத்திலும் அவர் பேச்சு வந்தால் முதலில் விழுகிற சொல் அதுதான். நான் வடைத் தட்டை எடுத்துக்கொண்டு வேறு பக்கம் போய்விடுவேன். அவர் நல்லவர் என்பதில் எனக்கும் சந்தேகம் கிடையாது. அதனால்தான் கோபம் இன்னும் ஆறவில்லை. கெட்டவராக இருந்திருந்தால் திட்டித் தீர்த்துவிட்டு எப்போதோ மறந்திருப்பேன்.

இந்த ஊருக்கு நான் வந்து இறங்கியது ஒரு ஜூலை மாதம், இங்கே நடுக்குளிர்காலம். யாரோ தெரிந்தவர் சொல்லி, என்னை அழைத்துப் போக விமான நிலையத்துக்கு அவர் வந்திருந்தார். அறுபது தாண்டிய யாழ்ப்பாணத்துக்காரர். ஸ்வெட்டர் மேல் ஸ்வெட்டர், அதன் மேல் கோட்டு, தலையில் காது மறைக்கும் குல்லா. வணக்கம் சொல்வதற்கு முன்னால் கார் டிக்கியைத் திறந்தார். உள்ளே முழுக்க ஜாக்கெட்டுகள். பழைய துணிக் கடைகளில் தேடித் தேடி வாங்கிச் சேர்த்தவை. புதிதாக வருகிற ஒவ்வொருவருக்கும் ஒன்று கொடுப்பாராம்.

"இந்தாங்கோ பிள்ளை, போடுங்கோ. குளிரெல்லே?"

"பரவால்ல அங்கிள், நானே ஒண்ணு கொண்டு வந்திருக்கேன்."

"உது காணாது. போடுங்கோ."

அது போதாதாம். என் ஜாக்கெட்டின் மேலேயே அதையும் மாட்டிவிட்டார். ஆண்கள் போடுகிற பழுப்பு ஜாக்கெட். கை முழங்கால் வரை தொங்கியது. எனக்குக் குளிர்கிறதா என்று அவர் கேட்டதாகத்தான் தோன்றும். ஆனால் கேள்வி கேட்டுவிட்டுப் பதிலுக்கு நிற்கிற வழக்கம் அவரிடம் இல்லை. இதைப் புரிந்துகொள்ள எனக்கு வெகுநாள் ஆனது. அன்று கண் கலங்கியதுதான் நிஜம். தெரியாத ஊரில் ஒருவர் ஜாக்கெட்டோடு காத்திருந்தால் யாருக்குத்தான் கலங்காது?

ஊரில் நான் கால்நடை மருத்துவம் படித்தவள். இங்கே அந்தப் பட்டம் செல்லாது, மறுபடி பரீட்சை எழுத வேண்டும். அதுவரைக்கும் ஒரு கால்நடை மருத்துவமனையில் நர்ஸ் வேலை. தங்க இடம் கொடுத்தவரும் அவரே. மனுரேவாவைத் தாண்டித் தெற்கே போனால் வீடுகள் குறைந்து வேலிகள் தொடங்கும். அங்கே அவருக்கு ஒரு வீடும் கொஞ்சம் புல்வெளியும் இருந்தன. வீட்டுக்குப் பின்னால் தனியாக ஓர் அறை. அதுதான் என் இடம்.

அந்த அறைக்கு ஒரே ஒரு ஜன்னல். காலையில் நான் திறந்து வைத்துவிட்டு வேலைக்குப் போவேன். சாயங்காலம் வந்தால் மூடியிருக்கும். கதவின் அடியில் பழந்துணி சுருட்டிச் செருகியிருக்கும். ஹீட்டர் எரிந்துகொண்டிருக்கும். ஜன்னல் கண்ணாடியில் தண்ணீர் வழியும், சுவரில் கரும்பூஞ்சை படரும், அலமாரியில் வைத்த என் பட்டுப்புடவை ஈரவாடை அடிக்கும். ஜன்னலை மூடாதீர்கள் என்று அவரிடம் சொன்னேன். "ஓம் பிள்ளை, ஓம்" என்றார். மறுநாளும் ஜன்னல் மூடியிருந்தது. அவர் ஊரில் ஓம் என்றால் ஆமாம். ஆனால் அவருடைய "ஓம்" என்பதற்கு, நீ சொன்னது காதில் விழுந்தது என்று மட்டும்தான் அர்த்தம்.

பொங்கல் விழாவிலும் இதே கதைதான். இங்கே பொங்கல் வருவது நடுக்கோடையில். மண்டபத்தில் அத்தனை பேரும் வியர்த்து வழிய, ஒவ்வொரு ஜன்னலாகப் போய்ச் சாத்திக்கொண்டு வருவார். கைக்குழந்தை இருக்கிற மேசைப் பக்கம் போனால் இன்னும் ஆபத்து. கால்சட்டையும் பனியனுமாகச் சிரித்துக்கொண்டிருந்த குழந்தைக்கு எங்கிருந்தோ ஒரு கம்பளிக் குல்லா முளைத்திருக்கும். பெற்றவள் அவர் திரும்பும்வரை காத்திருந்து கழற்றுவாள். எல்லோரும் சிரிப்பார்கள். பாவம், அவர் அப்படித்தான் என்பார்கள்.

அப்படி ஆனதற்குக் காரணமும் சொல்வார்கள். அகதியாக வந்தவர். பென்ரோஸில் உறைந்த இறைச்சி அடுக்கி வைக்கிற குளிர்க்கிடங்கில் வேலை. மூச்சு விட்டால் மீசையில் பனி கட்டுமாம். அங்கே வேலை முடிந்து மவுண்ட் ஆல்பர்ட்டில் ஒரு பழைய மரவீட்டின் அறைக்குத் திரும்பினால், அங்கேயும் பலகை இடுக்கில் காற்று ஊதுமாம். அந்தக் குளிரிலேயே வருடக்கணக்காக உழைத்துத்தான் இந்த நிலத்தை வாங்கினார், மகளைப் படிக்க வைத்தார், மனைவியை நோயில் பார்த்துப் பார்த்துக் கடைசியில் அனுப்பியும் வைத்தார். இதையெல்லாம் கேட்டு நானும் உருகியிருக்கிறேன். இப்போதும் அந்தக் கிடங்கை நினைத்தால் மனது கஷ்டப்படும். ஆனால் கிடங்கில் நின்றவர் அவர். அந்தக் குதிரை அங்கே நிற்கவில்லையே!

குதிரைக் கதைக்கு நான் இன்னும் வரவில்லை. செம்பழுப்பு நிறம், நெற்றியில் வெள்ளைச் சுட்டி, வயதான பெண் குதிரை. மகள் பள்ளிக்கூடத்தில் படிக்கும்போது ஆசைப்பட்டாள் என்று வாங்கிக் கொடுத்தது. மகள் ஆங்கிலத்தில் ஏதோ பெயர் வைத்திருந்தாள். அவருக்கு அது "குஞ்சு". மகள் இருந்தவரை குதிரைக்குக் கஷ்டமில்லை. குளிர்காலம், மழை எதுவானாலும் இரவும் பகலும் புல்வெளியில்தான் நிற்கும். தகப்பனும் மகளும் இதற்காகத் தினமும் சண்டை போட்டிருக்கிறார்கள், ஜெயித்தது மகள். அவள் வேலை கிடைத்துச் சிட்னிக்குப் போனாள். எதிர்த்துப் பேச ஆள் இல்லாமல் போயிற்று. நான் வந்த மறுவருடம் மே மாதக் கடைசியில் தென்துருவக் குளிரோடு முதல் தென்காற்று வீசிய அன்றே குதிரையைக் கொட்டகைக்குள் கொண்டுபோய் அடைத்தார்.

கொட்டகை என்றால் தகரக் கொட்டகை. பக்கத்தில் காற்றுக்காக விட்டிருந்த திறப்பையெல்லாம் பலகை வைத்து அடித்துவிட்டார். கதவிடுக்கில் கோணிச் சாக்கு. உள்ளே போனால் மூத்திர நெடி கண்ணைக் கரிக்கும், வைக்கோல் தூசி தொண்டையில் ஒட்டும். குதிரை மேல் ஒரு கவர், அதன் மேல் இன்னொரு கவர். கவர் என்பது வயிற்றுக்கு அடியில் வார் போட்டுக் கட்டுகிற கனமான போர்வை. கொட்டும் மழையில் நிற்கிற குதிரைக்கே பல நேரம் ஒன்று போதும். முடி மழித்ததோ நோஞ்சானோ இல்லையென்றால் அதுவும் வேண்டாம். குளிர்காலத்துக்கென்று குதிரைக்கு அடர்த்தியாக முடி வளரும். காய்ந்த புல்லைத் தின்றுகொண்டே இருந்தால் வயிற்றுக்குள் அது செரிக்கிற சூடே உடம்பைக் காக்கும். காற்றுக்கு முதுகைக் காட்டி, வாலை ஒடுக்கி, புல் மேய்ந்துகொண்டு நிற்கும். அதன் பிழைப்பே அதுதான்.

நான் இதைச் சொல்லாமல் இல்லை. "அங்கிள், அதுக்குக் குளிராது. உடம்பெல்லாம் முடி. நமக்குத்தான் ஒண்ணும் இல்ல" என்று சிரித்துக்கொண்டே ஆரம்பித்தேன்.

"நான் கண்ட குளிர் நீங்கள் காணேல்லை, பிள்ளை" என்றார்.

பக்கத்து நிலத்துக்காரர் ஒரு வெள்ளைக்காரர். அவருடைய குதிரைகளும் ஒரு மட்டக்குதிரையும் மழையோ வெயிலோ வெளியில்தான் நிற்கும். வேலியைப் பார்த்து இவர் பெருமூச்சு விடுவார். "உவங்களுக்கு இரக்கமே இல்லை" என்பார். ஒருநாள் பொறுக்க முடியாமல் வேலி தாண்டிப் போய் அந்த மட்டக்குதிரைக்கு ஒரு கவர் போட்டுவிட்டு வந்துவிட்டார். வாரை முறையாகக் கட்டத் தெரியாமல் தளர்த்தி விட, அது பின்னங்காலில் சிக்கி, குதிரை விழுந்து முழங்காலைச் சிராய்த்துக்கொண்டது. அந்த மனிதர் கத்தவில்லை. கவரை மடித்து எங்கள் கேட்டின் மேல் வைத்துவிட்டு, தயவுசெய்து இனி வேண்டாம் என்று மட்டும் சொன்னார்.

"குடுத்தால் வாங்கத் தெரியாத சனம்" என்றார் இவர், அவர் போன பிறகு.

ஜூனில் குதிரைக்கு இருமல் தொடங்கியது. வறட்டு இருமல், தீனி வைக்கும்போது அதிகம். எனக்கு உடனே தெரிந்துவிட்டது, தூசியும் அடைத்த காற்றும்தான் காரணம் என்று. அவருக்கும் உடனே தெரிந்துவிட்டது, குளிர்தான் காரணம் என்று. இரண்டு கவர் மூன்று கவராயிற்று. அதோடு விடவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை கொட்டகைப் பக்கம் புகை வருகிறதே என்று பதறி ஓடினேன். உள்ளே வாளியில் வெந்நீர். குதிரையைக் குளிப்பாட்டித் துண்டால் துடைத்திருக்கிறார். பச்சைக் குழந்தைக்குக் காட்டுவது போலத் தணலில் சாம்பிராணி போட்டு, அந்தத் தட்டை அதன் வயிற்றுக்குக் கீழேயும் மூக்குக்கு முன்னாலும் மாறி மாறிக் காட்டிக்கொண்டிருக்கிறார். கதவு இறுகச் சாத்தியிருக்கிறது. குதிரை இருமி இருமிக் கண்ணில் நீர் வழிய நிற்கிறது.

"அங்கிள்! என்ன பண்றீங்க? மூச்சே விட முடியல பாருங்க அதால!"

"சளி இளகுது பிள்ளை. என்ரை மோளுக்கு இப்பிடித்தான் காட்டினது."

தட்டைப் பிடுங்கி வெளியே சேற்றில் கொட்டினேன். கையில் சூடு பட்டது. அவர் என் கையைத்தான் பார்த்தார். ஓடிப்போய்க் களிம்பு கொண்டுவந்து பூசிவிட்டு, துணி வைத்துக் கட்டியும் விட்டார். இந்த மனிதரை என்ன செய்வது, சொல்லுங்கள்!

எங்கள் மருத்துவமனை டாக்டரம்மாவைக் கூட்டிவந்தேன். இந்த ஊர்ப் பெண்மணி, குதிரைகளோடே வளர்ந்தவர். குழாய் வைத்து மூச்சைக் கேட்டுப் பார்த்து, கவருக்குள் கைவிட்டுப் பார்த்து, வியர்வையில் நனைந்த கையை அவரிடமே நீட்டிக் காட்டினார். மருந்து ஒன்று எழுதினார். மருந்தை விட முக்கியம் திறந்தவெளி, இரவும் பகலும் வெளியில் விடுங்கள், மழை பெய்தாலும் விடுங்கள், தீனியை நனைத்துக் கொடுங்கள் என்றார். உள்ளேயே வைத்திருந்தால் இந்தக் குளிர்காலத்தைத் தாண்டாது என்றும் சொன்னார். இவருக்கு ஆங்கிலம் நன்றாகப் புரியும். இருந்தும் தப்பிக்க வழி வைக்கக் கூடாது என்று நான் தமிழிலும் ஒருமுறை சொன்னேன்.

"ஓம் ஓம்" என்றார். டாக்டரம்மாவுக்குத் தேநீரும் பருத்தித்துறை வடையும் கொடுத்து, அவர் காருக்குப் போகும்போது குடையும் பிடித்தார். கார் கேட்டைத் தாண்டியதும் கொட்டகைக் கதவைச் சாத்தினார்.

மகளுக்கு போன் செய்து சொன்னேன். அவள் அழுதாள். தகப்பனை வீடியோவில் கூப்பிட்டாள். அவர் குதிரையைக் கதவுக்கு வெளியே கொண்டுவந்து நிறுத்தி, "இஞ்சை பார், வெளியிலை நிக்கிறா" என்று காட்டினார். போன் வைத்ததும் குதிரை உள்ளே போயிற்று. விலங்கு நல அதிகாரிகளிடம் சொல்லலாமா என்று டாக்டரம்மாவைக் கேட்டேன். தீனி இருக்கிறது, தண்ணீர் இருக்கிறது, வைத்தியம் பார்க்கிறார், இதில் வந்து என்ன செய்யப் போகிறார்கள் என்று உதட்டைப் பிதுக்கினார். பட்டினி போட்டிருந்தால் வந்திருப்பார்கள். அன்பாக மூச்சை அடைத்தால் கேட்க நாதியில்லை.

ஜூலையில் ஒருநாள் காலை நானே கதவைத் திறந்தேன். அவர் இன்னும் எழுந்திருக்கவில்லை. சாரல் சாய்ந்து அடித்துக்கொண்டிருந்தது. கவர்களை ஒவ்வொன்றாக அவிழ்த்தேன். அடியில் முடி ஒட்டிப்போய் அங்கங்கே புண். கயிற்றைப் பிடித்து வெளியே நடத்தினேன். வாசலில் நின்று மூக்கை விரித்து ஒரு நெடுமூச்சு இழுத்தது. புல்வெளிக்குள் விட்டதும் நாலு தப்படி வைத்து, முன்னங்காலை மடக்கி, சேற்றில் அப்படியே சாய்ந்து புரண்டது. இந்தப் பக்கம், அந்தப் பக்கம், மறுபடி இந்தப் பக்கம். எழுந்து உதறிவிட்டு, வேலியோரம் போய் மேயத் தொடங்கியது. கொஞ்சம் இருமியது, பிறகு அதுவும் நின்றது. இதற்குத்தானே படித்தேன் என்று தோன்றியது.

பின்கதவு திறந்தது. லுங்கி, ரப்பர் பூட்ஸ், குல்லா, கையில் பெரிய கறுப்புக் குடை. நேராகப் புல்வெளிக்குள் இறங்கினார். சேற்றில் ஒரு கால் புதைந்தது, பிடுங்கிக்கொண்டு நடந்தார். குதிரையின் பக்கத்தில் போய் நின்று அதன் முதுகுக்கு மேல் குடையைப் பிடித்தார். குதிரை மேய்ந்தபடி ஓரடி நகர்ந்தது. அவரும் நகர்ந்தார். அது திரும்பியது, அவரும் சுற்றிக்கொண்டு அந்தப் பக்கம் போனார். மழை முழுக்க அவர் மேல் பெய்தது. குடையோ, அந்தப் பெரிய உடம்பில் ஒரு கைப்பிடி இடத்தைத்தான் மறைத்தது. சிரிக்கத்தான் வேண்டும். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

"விடுங்க அங்கிள். அது எவ்ளோ நல்லா இருக்குன்னு ஒரு தடவ பாருங்க. இருமல் நின்னுடுச்சு. பாருங்க!"

அவர் பார்க்கவில்லை. "நீர் படிச்ச படிப்பு இதுக்கோ?" என்றார். அதுவரை என்னை "நீங்கள்" என்றே அழைத்தவர். "வாய் பேசாத சீவனை மழையிலை விட்டிட்டு நிண்டு பாக்கிறீர். உமக்கு நெஞ்சிலை ஈரமே இல்லையே?"

"அது வாய் பேசாதுதான். ஆனா மூச்சு விடுதே, அதையாவது கேளுங்க! உங்களுக்குக் குளிருதுன்னா நீங்க உள்ள போங்க. அத ஏன் அடைக்கிறீங்க?"

அவர் குடையை மடக்கினார். கயிற்றை மாட்டிக் குதிரையை இழுத்துக்கொண்டு போனார். வாசலில் அது நின்றது. உள்ளே போக மாட்டேன் என்று கழுத்தை நிமிர்த்தியது. அவர் அதன் நெற்றியைத் தடவி, "வாடி குஞ்சு, வா" என்று கெஞ்சினார். பழகிய குரல். போய்விட்டது.

அன்று மாலை என் அறைக்கு வந்தார். முகம் பார்க்காமல் சொன்னார்.

"நீங்கள் வேறை இடம் பாருங்கோ, பிள்ளை. இப்ப இல்லை. இந்தக் குளிருக்கை எங்கை போவீங்கள்? கோடை வந்தாப்பிறகு போனால் காணும்."

சொல்லிவிட்டு ஜன்னலைச் சாத்திவிட்டுப் போனார்.

சேதி ஊருக்குப் பரவ எத்தனை நேரம்? அடுத்த வெள்ளிக்கிழமை கோவிலில் ஒருவர் பாக்கியில்லாமல் இதையே பேசினார்கள். டாக்டருக்குப் படித்த பெண் குதிரையை அடைமழையில் துரத்திவிட்டதாம். அந்த மனுசன் நனைந்து நனைந்து காப்பாற்றினாராம். "அது ஒரு வாயில்லா ஜீவன் இல்லையா?" என்று என் ஊர்க்கார அம்மாளே என்னிடம் கேட்டார், கையில் பிரசாதத்தோடு. வாயில்லாததால்தானே ஆளாளுக்கு அதற்காகப் பேசுகிறீர்கள்! அதற்கு வாய் இருந்திருந்தால் முதலில் உங்கள் எல்லோரையும் வெளியே போகச் சொல்லியிருக்கும். இதை நான் சொல்லவும் செய்தேன். அதற்குப் பிறகு எனக்குத் திமிர் என்ற பெயரும் சேர்ந்தது.

ஆகஸ்டில் அது தீனியைத் தொடவில்லை. வயிறு ஒவ்வொரு மூச்சுக்கும் எக்கி எக்கி இறங்கியது. மூக்குத் துளை விரிந்தே இருந்தது. காய்ச்சல். ஞாயிற்றுக்கிழமை மதியம் டாக்டரம்மா வந்தார். முதலில் இதை வெளியே கொண்டு வாருங்கள் என்றார். இந்த முறை அவர் மறுக்கவில்லை. கயிற்றைப் பிடித்தவர் அவரேதான். புல்வெளியின் நடுவில் வந்து நின்றது. மழை தூறிக்கொண்டிருந்தது. தலையைத் தாழ்த்திப் புல்லை முகர்ந்தது, தின்னவில்லை. நுரையீரல் முழுக்கப் போய்விட்டது, இனிக் கஷ்டப்பட விடுவது பாவம் என்றார் டாக்டரம்மா. இவர் சரி என்று தலையை ஆட்டினார். கவர்களை நான் அவிழ்த்தேன். ஊசி போடும்போது அதன் கழுத்தை அவர் கட்டிக்கொண்டிருந்தார். அது விழும்போது அவரை நான்தான் பிடித்து இழுக்க வேண்டியிருந்தது.

அது ஈரப்புல்லில் கிடந்தது. டாக்டரம்மா பெட்டியை மூடினார். இவர் திடீரென்று கொட்டகைக்கு ஓடினார். கை நிறையக் கவர்களோடு திரும்பி வந்தார். ஒன்றை விரித்துப் போர்த்தினார். அதன் மேல் இன்னொன்று. அதன் மேல் இன்னொன்று. கழுத்துவரை இழுத்துவிட்டு, ஓரங்களை உடம்புக்கு அடியில் செருகினார். டாக்டரம்மா என்னைப் பார்த்தார். என்னால் இருவர் முகத்தையும் பார்க்க முடியவில்லை.

இவர் சேற்றிலேயே உட்கார்ந்து போனை எடுத்து மகளைக் கூப்பிட்டார். நான் ஏதாவது சொல்லிவிடுவேன் என்று பயந்து பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன். என்னைக் குற்றம் சொல்வார் என்றுதான் நினைத்தேன். சொல்லியிருந்தால் எவ்வளவு நன்றாக இருந்திருக்கும். அந்தப் பக்கம் மகள் எடுத்ததும், அவர் குழந்தையைப் போல விசும்பி விசும்பி அழுதார்.

"குளிர் தாங்கேல்லையம்மா அவள். என்ரை பிழைதான். நான் இன்னும் ஒண்டு போத்தியிருக்கோணும்."